குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு... ஆனா அதை வெச்சு ஓனர் யாருன்னு சொல்ல முடியாது!



போன வருஷம் மார்ச் மாசம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்ல ஒரு கால். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் வேலை பார்க்கிற என் நண்பன். நாங்க ரெண்டு பேரும் சென்னையில ஒரே ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணவங்க.

"மச்சி, ஒரு டவுட். குதிரை பாஸ்போர்ட்ல ஒருத்தர் பேர் இருந்தா, அது அவரோட குதிரைன்னுதானே அர்த்தம்?"

முதல்ல சிரிச்சுட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. அவன் பொண்ணுக்குப் பதினோரு வயசு. ரெண்டு வருஷமா ரைடிங் கிளாஸ் போறா. சொந்தமா ஒரு போனி வேணும்னு ஒரே பிடிவாதம். ஆன்லைன்ல ஒரு விளம்பரம் பார்த்திருக்காங்க. 9 வயசு, சாதுவான போனி, விலை 2,800 பவுண்டு. நம்ம பணத்துல மூணு லட்சத்துக்கு மேல. விக்கிற அம்மா, "நிறைய பேர் கேக்குறாங்க, அட்வான்ஸ் போட்டா பிடிச்சு வைக்கிறேன்"னு சொல்லியிருக்காங்க. இவன் 300 பவுண்டு போட்டுட்டான். பாஸ்போர்ட்டோட போட்டோ மட்டும் மொபைல்ல வந்திருக்கு. அதுல வேற யாரோ ஒருத்தர் பேர்.

உண்மையைச் சொல்லணும்னா, சிஏ படிப்புல நான் குதிரையைச் சந்திச்ச ஒரே இடம் 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தோட 74ஏ பிரிவுதான். பந்தயக் குதிரை வெச்சுப் பராமரிக்கிறதுல வர்ற நஷ்டத்தை அதே வகை வருமானத்துல மட்டும்தான் கழிக்கலாம், மிச்சத்தை நாலு வருஷம் வரைக்கும் கொண்டுபோகலாம். பரீட்சைக்குப் படிச்சதோட சரி. அதனால, "ஒரு நாள் டைம் குடுடா"ன்னு சொல்லிட்டு இங்கிலாந்து சட்டத்தை உட்கார்ந்து படிச்சேன். படிக்கப் படிக்க, இது குதிரை வாங்குறவங்களுக்கு மட்டுமான விஷயம் இல்லைன்னு தோணுச்சு. பைக், வீட்டு மனை, ஷேர், எதை வாங்கினாலும் நாம பண்ற ஒரு தப்பு இதுக்குள்ள இருக்கு.

வாங்க, பார்க்கலாம்.

குதிரை பாஸ்போர்ட்னா என்ன?

பேரைக் கேட்டதும் வெளிநாடு போற குதிரைக்குத் தேவைப்படுற டாக்குமெண்ட்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல தொழுவத்தை விட்டு வெளியே போகாத குதிரைக்கும் இது கட்டாயம். குதிரை, போனி, கழுதை, ஏன், வரிக்குதிரை வளர்த்தாலும் வேணும். எக்ஸ்மூர், டார்ட்மூர், நியூ ஃபாரஸ்ட் மாதிரி இடங்கள்ல பாதி காட்டுத்தனமாத் திரியுற போனிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஒரு பாஸ்போர்ட்டுக்குள்ள முக்கியமா நாலு விஷயம் இருக்கும்.

1. வாழ்நாள் எண். 15 இலக்கம். முதல் மூணு நாட்டைக் குறிக்கும், அடுத்த மூணு பதிவு பண்ண அமைப்பைக் குறிக்கும், மீதி ஒன்பது அந்தக் குதிரைக்கானது. கைமாறினாலும் நாடு மாறினாலும் இந்த எண் மாறாது. நம்ம பான் நம்பர் மாதிரி வெச்சுக்கோங்க.

2. மைக்ரோசிப் எண். இதுவும் 15 இலக்கம். அரிசி அளவு சிப்பை, கழுத்தோட இடது பக்கம் கால்நடை மருத்துவர் ஊசி மூலமா ஏத்துவார். ஸ்கேனரைப் பக்கத்துல கொண்டுபோனா எண் தெரியும்.

3. அங்க அடையாளம். குதிரையோட கோட்டுப்படம் ஒன்னு இருக்கும். எந்தக் காலில் வெள்ளை, நெத்தியில என்ன வடிவம், சுழி எங்கே இருக்குன்னு அதுல குறிச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல மாடு வாங்கும்போது ராசிக்காகச் சுழி பார்ப்பாங்க இல்லையா? அங்கே அதே சுழியை கைரேகை மாதிரி பயன்படுத்துறாங்க.

4. மருந்து, தடுப்பூசி விவரமும் உணவுக்கான அறிவிப்பும். பணம் சம்பந்தப்பட்ட பெரிய சமாச்சாரம் இதுலதான் இருக்கு. கொஞ்ச நேரத்துல வர்றேன்.

கெடு தேதிகள்: இங்கே தவறினா செலவு

இங்கிலாந்துல இப்போ நடைமுறையில இருக்கிறது 2018-ல் வந்த குதிரை அடையாள விதிகள். (ஸ்காட்லாந்து, வேல்ஸுக்குத் தனித்தனி விதிகள்.) சுருக்கமா:

- குட்டி பிறந்தா, ஆறு மாசம் முடியுறதுக்குள்ள, இல்லைன்னா பிறந்த வருஷம் நவம்பர் 30-க்குள்ள, இதுல எது பின்னாடி வருதோ அதுக்குள்ள பாஸ்போர்ட் எடுக்கணும்.
- 2009 ஜூலைக்கு அப்புறம் முதல்முறையா அடையாளம் பதிவாகுற குதிரைகளுக்குச் சிப் கட்டாயம். அதுக்கு முன்னாடி பிறந்த பழைய குதிரைகளுக்கும் 2020 அக்டோபர் 1-க்குள்ள சிப் போடணும்னு சொல்லிட்டாங்க.
- பாஸ்போர்ட் குதிரை இருக்கிற இடத்துல, அதைப் பார்த்துக்கிறவர் கையில இருக்கணும். ஓனர் வீட்டு பீரோவுல பூட்டி வைக்கக்கூடாது.
- விக்கும்போது பாஸ்போர்ட்டைக் கையோட கொடுக்கணும். வாங்கினவர் 30 நாளுக்குள்ள பாஸ்போர்ட் வழங்கிய அமைப்புக்குத் தெரிவிக்கணும்.
- குதிரை இறந்தாலும் 30 நாளுக்குள்ள பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பணும்.
- செல்லுபடியாகுற பாஸ்போர்ட் காட்ட முடியலைன்னா அபராதம். அதுக்கு உச்ச வரம்பே கிடையாது.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு? ரெண்டு கதை சொல்றேன். ரெண்டும் நிஜம்.

கதை 1: 1844, காணாமல் போன சாட்சி

இங்கிலாந்துல எப்சம் டெர்பின்னா இன்னைக்கும் பெரிய பந்தயம். மூணு வயசுக் குதிரைகள் மட்டும்தான் அதுல ஓடலாம். 1844-ல் 'ரன்னிங் ரெயின்' என்ற குதிரை முதலாவதா வந்துச்சு. அது மூணு வயசுக் குதிரையே இல்லை, 'மக்காபியஸ்' என்ற நாலு வயசுக் குதிரையைப் பேர் மாத்தி ஓட விட்டிருக்காங்கன்னு புகார். மனுஷனுக்கு ஒரு வயசு பெரிய விஷயம் இல்லை. மூணு வயசுக் குதிரையோட நாலு வயசுக் குதிரை ஓடுறது, ஆறாம் கிளாஸ் பசங்களோட காலேஜ் பையன் ஓடுற மாதிரி.

கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. பல்லைப் பார்த்தாலே வயசு தெரிஞ்சுடும். நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். குதிரை வரவே இல்லை. காணோம்! கேஸ் போட்டவர் வேற வழியில்லாம பின்வாங்க, ரெண்டாவதா வந்த 'ஆர்லாண்டோ'வுக்குப் பரிசு போச்சு.

இதுல எனக்கு மனசுல நின்னது வேற. குதிரை யார் பேர்ல ஓடுச்சோ அவர் வுட் என்ற தானிய வியாபாரி. தீவன பாக்கிக்கு ஈடா அந்தக் குதிரை அவர் கைக்கு வந்ததாச் சொல்றாங்க. அதாவது, வர வேண்டிய கடனுக்குப் பதிலா ஒரு சொத்தை வாங்கிக்கிட்டார். அது நிஜமா எந்தச் சொத்துன்னு சரிபார்க்கலை. கடைசியில கோர்ட்ல வெறுங்கையோட நின்னது அவர்தான்.

பந்தயக் குதிரைகளுக்கு வம்சாவளிப் பதிவேடு அப்பவே இருந்துச்சு. 1790-கள்லயே இங்கிலாந்துல அச்சுல வந்துடுச்சு. பதிவு இருந்துச்சு, ஆனா பதிவையும் நிக்கிற குதிரையையும் இணைக்கிற சங்கிலிதான் இல்லை. இன்னைக்குக் கழுத்துல இருக்கிற சிப் அந்தச் சங்கிலிதான்.

கதை 2: 2013, பர்கருக்குள்ள குதிரை

2013 ஜனவரியில அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டுச்சு. 27 மாட்டிறைச்சி பர்கர் மாதிரிகளைச் சோதிச்சதுல 10-ல் குதிரை டிஎன்ஏ. ஒன்னுல மட்டும் இறைச்சியில 29 சதவீதம் குதிரை! ஐரோப்பா முழுக்கப் பரபரப்பு.

லேபிள்ல மாடுன்னு போட்டுட்டுக் குதிரையை வித்தது ஒரு மோசடி. அதோட இன்னொரு பயமும் சேர்ந்துக்கிச்சு. 'ஃபினைல்பியூட்டசோன்' என்று ஒரு வலி மருந்து இருக்கு. குதிரைக்காரங்க செல்லமா 'பியூட்'ம்பாங்க. மனுஷங்களுக்கு அபூர்வமா ரத்த உற்பத்தியையே பாதிக்கக்கூடியது. அதனால இந்த மருந்து ஒரு தடவை போட்ட குதிரையும் உணவுக்குப் போகக்கூடாது. பாஸ்போர்ட்ல 'மனித உணவுக்கு அல்ல'ன்னு கையெழுத்து போட்டாகணும். போட்ட கையெழுத்தை ஆயுசுக்கும் திரும்ப எடுக்க முடியாது.

அந்த பிப்ரவரியில பிரிட்டன்ல வெட்டப்பட்ட 206 குதிரைகளைச் சோதிச்சாங்க. 8-ல் பியூட் இருந்துச்சு. அதுல சில பிரான்ஸ்ல உணவுக்குப் போயிருக்கலாம்னு சொன்னாங்க. அந்த அளவுல ஆபத்து ரொம்பக் குறைவுன்னு மருத்துவ அதிகாரிகள் விளக்கினாங்க. ஆனா கேள்வி வேற: பாஸ்போர்ட் கட்டாயம்னு வந்து பல வருஷம் ஆச்சு, அப்புறம் எப்படி இது நடந்துச்சு?

பதில் ஒரு ஆடிட்டருக்கு உடனே புரியும். பாஸ்போர்ட் கொடுக்கிற அமைப்புகள் பல பத்து. ஒன்னு கொடுத்தது இன்னொன்னுக்குத் தெரியணும்னா பொதுவான ஒரு டேட்டாபேஸ் வேணும். பிரிட்டன்ல அப்படி ஒரு தேசிய டேட்டாபேஸ் இருந்துச்சு. அரசு நிதியை நிறுத்தினதால 2012-ல் மூடிட்டாங்க. அடுத்த சில மாசத்துல இந்த விவகாரம் வெடிச்சது! 'உணவுக்கு அல்ல'ன்னு கையெழுத்தான பாஸ்போர்ட்டை ஓரமா வெச்சுட்டு, வேற அமைப்புல புதுசா ஒன்னு வாங்க நினைக்கிறவனைப் பிடிக்க வழியே இல்லாம போச்சு.

அதுக்கு அப்புறம்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் புது விதி கொண்டுவந்து, 2016-ல் அமலாக்கி, ஒவ்வொரு நாடும் மத்திய டேட்டாபேஸ் வைக்கணும்னு கட்டாயமாக்குச்சு. இங்கிலாந்துல 2018-ல் அது வந்துச்சு. இப்போ சிப் எண்ணை ஆன்லைன்ல போட்டா அது பதிவான எண்ணா, உணவு நிலை என்ன, திருடு போனதா புகார் இருக்கான்னு இலவசமாப் பார்க்கலாம்.

ஒரு கையெழுத்தோட விலை

குதிரைக்கறி நமக்குக் கேக்கவே ஒரு மாதிரி இருக்கும். இங்கிலாந்துலயும் பெரும்பாலானவங்க சாப்பிடுறதில்லை. ஆனா பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியத்துல சந்தை இருக்கு. அதனால வயசான குதிரைக்கும் ஒரு கடைசி மதிப்பு உண்டு. நம்ம பாஷையில சொன்னா ஸ்கிராப் வேல்யூ. அந்தக் கையெழுத்து விழுந்ததும் அது பூஜ்யம்.

இன்னொன்னையும் கவனிங்க. பாஸ்போர்ட்டைக் கெடு தாண்டி எடுத்தாலோ, தொலைச்சுட்டு டூப்ளிகேட் வாங்கினாலோ, பொதுவா அந்தக் குதிரை உணவுச் சங்கிலியில இருந்து நிரந்தரமா விலக்கப்படும். காரணம் எளிமை. இடையில என்ன மருந்து போட்டாங்கன்னு நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்க முடியாத இடைவெளிக்கு சட்டம் சந்தேகத்தோட பலனை ஓனருக்குக் கொடுக்கிறதில்லை.

செல்லமா வளர்க்கிறவங்களுக்கு இது நஷ்டமே இல்லை. நிறைய பேர் தாங்களே முன்வந்து கையெழுத்து போட்டுடுவாங்க. அவசரத்துல எந்த மருந்தையும் டாக்டர் தயங்காமப் போடலாம் பாருங்க.

நண்பனோட கேள்விக்கு வருவோம்

பாஸ்போர்ட்ல பேர் இருந்தா அவர்தான் ஓனரா? இல்லை. குதிரை பாஸ்போர்ட் ஒரு அடையாள ஆவணம். உரிமைக்கான சான்று கிடையாது. அதுல இருக்கிற பேர், கடைசியா யார் தன்னை ஓனர்னு பதிவு பண்ணாங்களோ அவங்க பேர், அவ்வளவுதான். பழைய ஓனர் பேரை மாத்தாமலே நாலு கை மாறியிருக்கலாம். குதிரையை வாடகைக்கு எடுத்துப் பார்த்துக்கிறவர் கையிலயும் பாஸ்போர்ட் இருக்கும், ஏன்னா அது குதிரையோடவே இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அப்போ பாஸ்போர்ட் கையில இருக்குங்கிறது மட்டும் எதையும் நிரூபிக்காது.

தனக்கு உரிமை இல்லாததை ஒருத்தர் வித்தா, வாங்கினவருக்கும் பொதுவா உரிமை வராது. 1979-ம் வருஷ பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டத்துலயும் இதுதான் அடிப்படை. நம்ம 1930-ம் வருஷச் சட்டத்துலயும் இதேதான்.

அதனால நண்பன்கிட்ட மூணு கேள்வியையும் தனித்தனியா கேக்கச் சொன்னேன்.

- இது எது? சிப், பாஸ்போர்ட், கண் முன்னாடி நிக்கிற குதிரை, மூணும் ஒத்துப்போகுதா?
- இது யாரோடது? விக்கிறவர் எப்போ, யார்கிட்ட, எவ்வளவுக்கு வாங்கினார்? ரசீது எங்கே?
- இது மேல வேற யாருக்காவது பாத்தியதை இருக்கா? வாடகை ஒப்பந்தம், கடன், திருட்டுப் புகார்?

அடுத்த சனிக்கிழமை அவன் கால்நடை மருத்துவரைக் கூட்டிட்டுப் போனான். ஸ்கேன் பண்ணா சிப் எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் ஒத்துப்போகலை. படத்துல பின்னங்கால்ல வெள்ளை, நிக்கிற போனிக்கு அப்படி எதுவும் இல்லை. பல்லைப் பார்த்த டாக்டர், "இதுக்கு 9 வயசுன்னா நம்ப முடியலை, 15 இருக்கும்"னு சொல்லிட்டார். அந்த அம்மா, "எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க"ன்னாங்க. இவன் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான். "நாளைக்கு அனுப்புறேன்"னாங்க. அந்த நாளை வரவே இல்லை, போனும் எடுக்கலை.

போனது 300 பவுண்டும் டாக்டர் ஃபீஸும். தப்பிச்சது 2,500 பவுண்டு. பொண்ணு ரெண்டு நாள் சாப்பிடாம அழுதிருக்கா. "காசு போனதை விட அதுதான்டா கஷ்டமா இருந்துச்சு"ன்னான்.

ஆறு மாசம் கழிச்சு, அவ படிக்கிற ரைடிங் ஸ்கூல் மூலமாவே வேற போனி வாங்கினாங்க. அதோட பாஸ்போர்ட்லயும் பழைய ஓனர் பேர்தான் இருந்துச்சு! ஆனா இந்தத் தடவை விக்கிறவர் தான் வாங்கின ரசீதைக் காட்டினார். சிப்பை முதல்ல ஸ்கேன் பண்ணாங்க. வாழ்நாள் எண், சிப் எண், விலை, 'வேற பாத்தியதை இல்லை' என்ற உறுதி, எல்லாத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க. அப்புறம்தான் பேங்க் டிரான்ஸ்ஃபர். அந்த வாரமே பேர் மாத்த அனுப்பிட்டான்.

குதிரை இல்லாத நமக்கு இதுல என்ன?

1. பட்டாவில பேர் இருக்குங்கிறது போதாது. பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமையைப் பார்க்க மூலப்பத்திரத்துல இருந்து வரிசையா வரணும், வில்லங்கச் சான்றும் பார்க்கணும். குதிரைக்குக் கேட்ட அதே மூணு கேள்விதான்.

2. பைக்கை வித்தா ஆர்.சி. மாறுற வரைக்கும் விடாதீங்க. இங்கே ஆபத்து வித்தவருக்கு. கைமாறின வண்டியில விபத்து நடந்த ஒரு வழக்குல, பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. "நண்பனுக்குத்தானே குடுத்தேன், அப்புறம் மாத்திக்குவான்"னு இருக்கிறவங்க இன்னைக்கே போன் போடுங்க.

3. நாமினி ஓனர் கிடையாது. ஷேர்கள்ல நாமினியா பேர் இருக்கிறதாலயே சொத்து முழுசா அவருக்குன்னு ஆகாது, வாரிசுகளோட உரிமை போகாதுன்னு 2023 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. நாமினியும் போடுங்க, உயிலும் எழுதுங்க. கல்யாணம் ஆனவங்க, பழைய நாமினேஷனை ஒரு தடவை திறந்து பாருங்க.

4. கெடு தாண்டினா சில உரிமை திரும்ப வராது. லேட்டா எடுத்த குதிரை பாஸ்போர்ட் மாதிரிதான் லேட்டா போட்ட ஐடி ரிட்டர்னும். ஷேர்ல வந்த நஷ்டத்தை அடுத்தடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகணும்னா ரிட்டர்ன் கெடுவுக்குள்ள போட்டிருக்கணும். நஷ்டம் நிஜம்தான், ஆனா நேரத்துக்குப் பதிவாகலைன்னா அதால பிரயோஜனம் இல்லை.

5. சரிபார்க்கிறதுக்கு முன்னாடி அட்வான்ஸ் வேண்டாம். "நிறைய பேர் கேக்குறாங்க"ங்கிற வார்த்தையைக் கேட்டதும் பர்ஸை உள்ளே வைங்க. 300 பவுண்டு கொடுத்து என் நண்பன் கத்துக்கிட்டதை நீங்க சும்மா எடுத்துக்கலாம்.

அந்த ராத்திரி அவன் கேட்ட கேள்வியை நீங்களும் உங்க டாக்குமெண்ட் ஃபைலைத் திறந்து வெச்சுக் கேட்டுப் பாருங்க. இந்தப் பேப்பர் எதை நிரூபிக்குது, எதை நிரூபிக்கலை? ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வரி பதில் எழுதி வெச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

நாமினி, உயில் பத்தி நம்ம சேனல்ல தனி வீடியோவே இருக்கு, நேரம் இருக்கும்போது பாருங்க. பைக் வித்துட்டு ஆர்.சி. மாத்தாம இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, இந்தக் கட்டுரையை முதல்ல அவருக்கு அனுப்புங்க.

அந்த போனி எப்படி இருக்குன்னு கேட்டீங்கன்னா... நல்லா இருக்கு. தீவனச் செலவு, லாயச் செலவு, லாடச் செலவுன்னு மாசாமாசம் அவன் அனுப்புற எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தா எனக்குத்தான் மயக்கம் வருது. அது இன்னொரு நாள் பேசுவோம்.